காருக்கு வந்த ஹெல்மெட் அபராதம்

எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்டப் போகிற வாரத்தில் டாக்ஸிக்காரன் தன் வண்டியை மாப்பிள்ளை மாதிரி ஜோடிப்பான். வாட்டர் வாஷ், புது ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், எரியாத பல்புக்கு மாற்று, வைப்பர், ஸ்டெப்னி, முதலுதவிப் பெட்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கான சான்று, புகைச் சான்று என்று ஒவ்வொன்றாகச் சரி பார்ப்பான். நானும் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடுக்கிக்கொண்டு, ஒரு மே மாதக் காலையில் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். கட்டணம் கட்டி நாள் வாங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. வண்டி எண்ணைத் தட்டிய பையன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“அண்ணா, உங்க வண்டி மேல மூணு சலான் நிக்குதுங்களே. அதை முடிக்காம அப்ளிகேஷன் நகராதுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு எஸ்எம்எஸ் வந்ததில்லை, ஒரு தபால் வந்ததில்லை. என்னிடம் இருப்பது ஒரே வண்டி, மஞ்சள் போர்டு ஏழு சீட்டர். வீடு சேலம் சூரமங்கலம். ஏற்காடு, பெங்களூர் விமான நிலையம், பழனி, சபரிமலை சீசன் வந்தால் கேரளா. ஆள் வைத்து ஓட்டவில்லை. நானே முதலாளி, நானே டிரைவர், கழுவுகிறவனும் நானே. ஆகவே “வேறு யாராவது ஓட்டியிருப்பான்” என்று சொல்லவும் வழியில்லை.

பையன் ஒவ்வொன்றாகப் படித்தான். முதலாவது, முன் சீட்டில் இருந்தவர் பெல்ட் போடவில்லை, 1,000 ரூபாய். இரண்டாவது, சிக்னலில் ஸ்டாப் லைனைத் தாண்டி நின்றது, 500. மூன்றாவதைப் படிக்கும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஹெல்மெட் போடாம ஓட்டினதுக்கு ஆயிரமுங்க.” பக்கத்து நாற்காலியில் பெயர் மாற்றத்துக்கு வந்திருந்த ஒருவர், “இனிமே ஏற்காட்டுக்குப் போறவங்க ஏழு பேருக்கும் ஹெல்மெட் வாங்கி வெச்சிருங்க” என்றார். கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எஃப்சி முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. மே மாதம் என்றால் எங்களுக்குத் தீபாவளி. கோடை விழாவுக்கு மலை நிரம்பி வழிகிற அந்த இரண்டு மூன்று வாரத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் ஆடி மாதத்தை ஓட்ட வேண்டும்.

தகவல் ஏன் வரவில்லை என்று முதலில் கண்டுபிடித்தோம். ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பதிவாகியிருந்த செல்போன் எண் என்னுடையதே இல்லை. வண்டி வாங்கியபோது பதிவு வேலையைப் பார்த்த ஏஜென்ட் தன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஓடிபி வரும்போது ஒவ்வொரு முறையும் நம்மைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டுமே என்று அவருக்கு ஒரு சௌகரியம். எனக்கு வந்த எச்சரிக்கையெல்லாம் அந்த மனிதரின் செல்லில் போய் விழுந்திருக்கிறது. அவரும் எத்தனை வண்டிக்குத்தான் பார்ப்பார்.

நியாயமாகப் பார்த்தால் அந்தத் தவறை நான் முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும். 2023 பிப்ரவரியிலேயே ஒரு மணி அடித்தது. பெங்களூரில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தி, கையில் இருந்த கருவியில் என் எண்ணைத் தட்டி, பழைய வேக அபராதம் ஒன்று பாக்கி என்று காட்டினார். விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு கஸ்டமர் அவசரப்படுத்திய இரவின் மிச்சம் அது. அப்போது கர்நாடகத்தில் பாக்கி அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. பாதியைக் கட்டிவிட்டு, ஏதோ லாபம் பார்த்தவன் மாதிரி ஊர் திரும்பினேன். அந்தத் தள்ளுபடியை 2025 ஆகஸ்டிலும் திரும்பக் கொடுத்தார்கள். ஒழுங்காக உடனே கட்டியவன் முழுசாகக் கட்ட, இழுத்தடித்தவன் பாதி கட்டுவது என்ன நியாயமோ! அது போகட்டும். எனக்கு ஏன் தகவல் வரவில்லை என்று அன்றைக்கே யோசித்து எண்ணை மாற்றியிருந்தால் இந்த மே மாதச் சிக்கலே வந்திருக்காது. சோம்பல்தான், வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

எண்ணை மாற்றுவது பெரிய வேலையும் இல்லை. மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண், சேஸ் எண், இன்ஜின் எண், பதிவு செய்த தேதி இவற்றைக் கொடுத்து, ஆதார் சரிபார்ப்பு முடிந்தால் ஆயிற்று. லைசென்ஸுக்கு உள்ள எண் தனி, அதையும் தனியாக மாற்ற வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும் ஆர்சியில் யார் எண் இருக்கிறது என்று மட்டும் இன்றைக்குப் பாருங்கள். சொந்த வண்டி, வெள்ளை போர்டுதானே என்று விடாதீர்கள். ஷோரூமில் பதிவு செய்த வண்டிகளில் இந்தக் கூத்து நிறைய.

சரி, மூன்று சலானுக்கு வருவோம். பையனிடம் படத்தைத் திறக்கச் சொன்னேன். இ-சலான் தளத்தில் வண்டி எண்ணோடு சேஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்தைக் கொடுத்தால் நிலுவை எல்லாம் வரும். சலான் எண் தெரிந்தால் அதை வைத்தும் பார்க்கலாம். தேதி, நேரம், இடம், சட்டப்பிரிவு, தொகை எல்லாம் இருக்கும், படமும் இருக்கும். பாதிப்பேர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு ஒன்று கட்டிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் திட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். படத்தைப் பார்ப்பதில்லை.

முதல் படத்தில் என் கார்தான். முன் சீட்டில் ஒரு பெரியவர், தொப்பை மேல் கை வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். பெல்ட் இல்லை. எனக்கு அவரை ஞாபகம் இருந்தது. ஆத்தூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த குடும்பம். “வயித்தை அழுத்துது தம்பி, ஊருக்குள்ளதானே போறோம்” என்றார், நானும் விட்டுவிட்டேன். பயணி பெல்ட் போடவில்லை என்றாலும் சலான் வண்டி மேல்தான் விழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பெல்ட் போடாத பயணியை ஏற்றி ஓட்டுவதையும் குற்றமாகத்தான் வைத்திருக்கிறது. பின் சீட்டுக்கும் பெல்ட் உண்டு என்பதை எங்கள் ஸ்டாண்டில் இன்னும் பாதிப்பேர் நம்பவில்லை.

இரண்டாவது படத்திலும் நான்தான். முன் சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, பாதசாரிகள் கடக்கிற வரிக்கோட்டின் மேல் நிற்கிறது. எனக்கு முன்னால் ஒரு பஸ் நின்றது, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான் என்றெல்லாம் மனசு வாதாடியது. படத்தில் பஸ்ஸையும் காணோம், ஹாரனும் கேட்கவில்லை. கோடும் சக்கரமும்தான் தெரிகின்றன. கட்டிவிட்டேன். இரண்டும் சேர்த்து 1,500, அங்கேயே, அப்போதே.

நம்மூர் அபராதத் தொகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாடு முழுவதும் சட்டத் திருத்தம் 2019 செப்டம்பரில் வந்தது என்றாலும், தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் 1,000, சீட் பெல்ட் 1,000, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 2,000, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. ஓட்டும்போது செல்போன் பேசினால் முதல் முறை 1,000, அடுத்த முறை அதே குற்றம் என்றால் 10,000. பழைய நூறு ரூபாய்க் காலத்தை மனதில் வைத்துக்கொண்டு “வந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்று இருக்க முடியாது. ஏற்காட்டுக்கு ஒரு நாள் வாடகைக்குப் போனால் டீசல் போக என் கையில் நிற்பதில் பெரும்பகுதி ஒரு ஹெல்மெட் அபராதத்துக்குப் போய்விடும்.

அந்த ஹெல்மெட் படத்தைத் திறந்தோம். ஒரு ஸ்கூட்டர். ஓட்டுகிறவர் தலையில் ஒன்றுமில்லை. நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் கடைசி இலக்கம் 3. அந்த மூன்றின் இடப்பக்கத்தில் ஏதோ ஒரு பூ ஸ்டிக்கரின் கிழிந்த மிச்சம் ஒட்டியிருக்கிறது. ஓரமாகப் பார்த்தால் 8 மாதிரி தெரியும். என் வண்டியின் கடைசி இலக்கம் 8. கேமரா அப்படிப் படித்ததோ, யாராவது உட்கார்ந்து அப்படித் தட்டினார்களோ, ஆயிரம் ரூபாய் என் தலையில். அதுவும் சேலத்தில் இல்லை, வேறொரு மாவட்டத்து நகரத்தில் போடப்பட்ட சலான்.

அங்கிருந்து நான் செய்தது முட்டாள்தனம். அந்த நாளில், அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று நிரூபிக்கக் கிளம்பிவிட்டேன். டைரியைப் பார்த்தால் அன்று ஏற்காடு டிரிப். ஏற்காட்டுப் பாதையில் டோல்கேட் கிடையாது, ஆகவே ஃபாஸ்டாக் சாட்சிக்கு வழியில்லை. கஸ்டமருக்குப் போன் போட்டேன். ஈரோட்டுக்காரர், நல்ல மனிதர். லேடீஸ் சீட்டில் குடும்பத்தோடு எடுத்த படங்கள் நாற்பதை அனுப்பிவிட்டார். அதில் இரண்டில் பின்னால் என் வண்டி நிற்கிறது. ஒன்றில் நானே மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறேன். படகு இல்லப் பார்க்கிங் ரசீதைத் தேடி சீட்டுக்கு அடியில், டேஷ்போர்டில், பேண்ட் பாக்கெட்டில் என்று ஒன்றரை நாள் போயிற்று.

பக்கத்து வீட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏங்க, படத்துல இருக்கறது ஸ்கூட்டர். உங்க ஆர்சியில இருக்கறது மோட்டார் கேப், அதாவது டாக்ஸிக் கார். இதுக்கு மேல நீங்க எங்க இருந்தா என்ன, என்ன தின்னா என்ன?” என்றார். ஒன்றரை நாள் அலைந்ததற்கு இரண்டு வரியில் பதில். சலானில் உள்ள படமே தவறைக் காட்டும்போது, நாம் எங்கே இருந்தோம் என்கிற கதை வேண்டியதே இல்லை. அதைச் சேர்த்தால் படிக்கிற அதிகாரிக்கு விஷயம் குழம்பத்தான் செய்யும்.

இ-சலான் தளத்திலேயே புகார் கொடுக்கிற பகுதி இருக்கிறது. சலான் எண், பெயர், செல்போன் எண், என்ன குறை என்பதை எழுதி, ஆதாரங்களை ஏற்ற வேண்டும். நான் முதலில் எழுதிய வரைவு ஒரு பக்கம். நான் எத்தனை வருடமாக ஒழுங்காக ஓட்டுகிறேன், எஃப்சி எவ்வளவு அவசரம், மே மாதம் எங்களுக்கு எப்படி என்றெல்லாம் எழுதியிருந்தேன். குமாஸ்தா அதை நான்கு வரியாக்கினார். ‘சலானில் உள்ள படம் இருசக்கர வாகனம். பதிவெண்ணின் கடைசி இலக்கம் 3. என் வாகனத்தின் கடைசி இலக்கம் 8, வகை மோட்டார் கேப். ஆர்சி நகலும் வாகனத்தின் முன்பின் படங்களும் இணைத்துள்ளேன், சலானை ரத்து செய்ய வேண்டுகிறேன்.’ அவ்வளவுதான். அனுப்பியதும் ஒரு புகார் எண் வந்தது. அதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எங்கே பேசினாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஆனால் ஆன்லைனில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க என்னிடம் நாள் இல்லை. ஸ்டாண்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான். “ஆயிரத்தைக் கட்டித் தொலைச்சிட்டு எஃப்சியை முடிடா. ரெண்டு ஏற்காடு டிரிப் போனா வந்துரும்.” கணக்குப்படி அது சரி. இன்றைக்கும் அப்படிச் சொல்கிறவர்களை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் கட்டிவிட்டால் அந்தக் குற்றத்தை நான் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அப்புறம் திரும்ப வாங்குவது நடக்கிற காரியமா? தவிர, அந்த ஸ்கூட்டர் அதே ஸ்டிக்கரோடு அதே சாலையில்தானே ஓடும். மாதம் ஒன்று வந்தால்?

சலானில் போட்டிருந்த இடத்தை வைத்து அந்த ஊர் போக்குவரத்துப் பிரிவின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெண் காவலர் எடுத்தார். புகார் எண்ணைச் சொன்னேன். லைனிலேயே படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, “ஆமாங்க சார், இது ஸ்கூட்டர்தான். மேல சொல்லி எடுத்துடறோம்” என்றார். இவ்வளவு எளிதாகவா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. புகார் போட்ட ஆறாம் நாள் சலான் நீங்கியிருந்தது. அடுத்த நாளே கட்டணம் கட்டி, எஃப்சி காட்டி முடித்தேன். நடுவில் வெளியூர் டிரிப் இரண்டு கைவிட்டுப் போயிற்று. எஃப்சி தேதிக்கு ஒரு மாதம் முன்பே நிலுவையைப் பார்த்திருந்தால் அதுவும் போயிருக்காது. புது டாக்ஸிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம் எஃப்சி. நாள்காட்டியில் அதைக் குறிக்கும்போதே ஒரு மாதம் தள்ளி முன்னால் இன்னொரு குறி போட்டுவிடுங்கள்.

இந்தக் கதையைச் சொன்னதும் ஸ்டாண்டில் ஆளாளுக்குச் சட்டம் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் செல்லில் எதையோ படித்துவிட்டு, “பதினஞ்சு நாளுக்குள்ள நோட்டீஸ் வரலைன்னா கட்டவே வேண்டாமாம்” என்றார். அதில் பாதி உண்மை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதியை 2021 ஆகஸ்டில் சேர்த்தார்கள். கேமரா, வேகம் அளக்கும் கருவி போன்றவற்றால் பிடிக்கும் குற்றங்களுக்கு 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம் இருக்க வேண்டும், வேகம் என்றால் கருவி அளந்த அளவு இருக்க வேண்டும், தேதி நேரம் இடம் இருக்க வேண்டும், கருவிக்கு வருடா வருடம் சான்று புதுப்பிக்க வேண்டும், கேமரா இருக்கிற இடத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அறிவிப்பை அனுப்பத்தான் செய்தார்கள், போய்ச் சேர்ந்தது ஏஜென்ட் செல்லுக்கு என்றால் யார் மேல் தப்பு? அதோடு, எல்லாச் சலானும் கம்பத்துக் கேமராவில் வருவதில்லை. ஓரமாக நிற்கும் காவலர் கையில் உள்ள கருவியில் படம் எடுத்துப் போடுவதும் உண்டு. அது எந்த வகை என்று தெரியாமல் விதியை வீசக் கூடாது. என் கட்சி இதுதான்: படத்தில் நம் தவறு பளிச்சென்று தெரிந்தால், ஐநூறு ரூபாய்க்காக விதிமுறை ஓட்டை தேடி நாலு நாள் வாடகையை இழப்பது கட்டுப்படியாகாது. நம் தவறு இல்லை என்றால் இருநூறாக இருந்தாலும் விடக்கூடாது.

கட்டாமலும் புகார் போடாமலும் விட்டால் சலான் ஒரு கட்டத்தில் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அப்புறம் இ-சலான் தளத்தில் கட்ட முடியாது, கோர்ட்டின் தளத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இரண்டு வழி. அபராதத்தைக் கட்டி முடித்துக்கொள்ளலாம். ‘வழக்காட விரும்புகிறேன்’ என்று சொன்னால், சம்பவம் நடந்த இடத்துக்குரிய கோர்ட்டுக்கு வழக்கு போகும். சேலத்துக்காரனுக்குத் தூத்துக்குடியில் விழுந்த சலான் என்றால் தூத்துக்குடிக்கு யார் போவது? அதனால்தான் படிக்கட்டின் முதல் படியிலேயே, புகார் நிலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

என் சகலை கதை இன்னொரு ரகம். அம்மாபேட்டையில் இருக்கிறார், கைத்தறிச் சேலை வியாபாரம். பழைய பைக்கை ஒரு புரோக்கரிடம் கொடுத்தார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, “எல்லாம் அவர் பார்த்துக்குவார்” என்று வந்துவிட்டார். புரோக்கர் யாருக்கோ விற்றார், அவர் இன்னொருவருக்கு விற்றார், பெயர் மாற்றம் மட்டும் நடக்கவே இல்லை. ஒன்றரை வருடம் கழித்து சகலைக்கு வரிசையாக மெசேஜ். மூன்று பேர் பயணம் 1,000, ஹெல்மெட் 1,000, மறுபடி மூன்று பேர். படத்தைத் திறந்தால் யாரென்றே தெரியாத மூன்று கல்லூரிப் பையன்கள், நடுவில் இருப்பவன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான்.

இங்கே என் ஹெல்மெட் தந்திரம் பலிக்காது. வண்டி சரியான வண்டி, எண் சரியான எண். ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொல்லிவிட்டது. அபராதத்தோடு போனால் பரவாயில்லை, அந்தப் பையன்கள் யாரையாவது இடித்திருந்தால்? சகலை புரோக்கரைப் பிடித்து, அவர் வழியாக வண்டி வைத்திருந்த வீட்டைப் பிடித்து, நிலுவையைப் பாதிப் பாதி கட்டி, பெயர் மாற்றம் முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. என் அக்கா மகன் வண்டி விற்றபோது நாங்கள் வாங்கியவரையும் கூட்டிக்கொண்டே ஆர்டிஓ வாசலுக்குப் போனோம். பெயர் மாறியது ஆன்லைனில் தெரிந்த பிறகுதான் மீதிப் பணமும் இரண்டாவது சாவியும் கை மாறின.

நம்பர் வேறு வண்டி எண்ணோடு குழம்புவது ஒரு வகை. நம்பரையே திருடி ஒட்டிக்கொள்வது இன்னொரு வகை. எங்கள் ஸ்டாண்டில் ஒருவருக்கு அப்படி வந்தது. அதே கம்பெனி, அதே வெள்ளை நிறக் கார், அவருடைய எண். படம் கைகொடுக்கவில்லை. அவருக்கு உதவியது ஃபாஸ்டாக். சலானில் உள்ள நேரத்தில் அவர் வண்டி ஓமலூர் சுங்கச்சாவடியைத் தாண்டி, ஒரு மணி சொச்சம் கழித்துக் கிருஷ்ணகிரியையும் தாண்டியிருக்கிறது. பேங்கிலிருந்து அந்த ஸ்டேட்மென்ட்டை எடுத்து, ஜிபிஎஸ் பதிவையும் சேர்த்து, முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி, அப்புறம் சலான் புகாரில் இணைத்தார். நம்பர் திருட்டு என்றால் அபராதம் சின்ன விஷயம். அந்த வண்டியில் என்ன கடத்துகிறார்களோ யார் கண்டது. போலீஸ் புகார் கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும்.

இன்னும் ஒன்று, சுருக்கமாக. வாட்ஸ்அப்பில் ‘உங்கள் வாகனத்துக்கு அபராதம்’ என்று சலான் எண்ணோடு, அரசு முத்திரையோடு ஒரு மெசேஜ் வரும். கூடவே ஒரு ஏபிகே ஃபைல், செல்லில் செயலியை ஏற்றுகிற ஃபைல். அதைத் தொட்டால் செல்லில் வரும் ஓடிபி எல்லாம் எவன் கைக்கோ போகும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கூலி கொடுக்க வைத்திருந்த பணத்தை இப்படி இழந்தார். அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியும். மெசேஜில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களாகவே தளத்தைத் திறந்து வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உண்மையான சலான் என்றால் அங்கே இருக்கும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிக்க வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

கட்டும்போதும் ஒரு சங்கடம் உண்டு. பணம் கணக்கிலிருந்து போய்விடும், சலான் நிலுவை என்றே காட்டும். பதறிப்போய் இரண்டாவது முறை கட்டாதீர்கள். தளத்திலேயே பாதியில் நின்ற பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. ஓரிரு நாள் பொறுத்து அதில் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரசீதைப் படம் பிடித்துத் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டுவைக்கிறேன்.

இப்போது மாதம் முதல் தேதி வண்டிக்கு டியூ கட்டும்போது கூடவே இ-சலான் தளத்தையும் ஒருமுறை திறந்துவிடுவேன். பெங்களூர் போய்வந்த மாதம் என்றால் கர்நாடகத்துக்காரர்களின் தளத்தையும் தனியாகப் பார்ப்பேன். நம்பர் பிளேட்டை மழைக்காலத்தில் தினமும் துடைப்பேன். குப்பனூர் வழியாக இறங்கி வந்தால் சேறு அப்பிவிடும், என் 8 யாருக்காவது 3 ஆகிவிடக் கூடாது அல்லவா. அடிவாரம் செக்போஸ்ட்டுக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி, ஏழு பேரும் பெல்ட் மாட்டிய பிறகுதான் கியர் போடுவேன். “இருபது கொண்டை ஊசி வளைவு இருக்குங்க, பெல்ட் போட்டா வாந்தி வராது” என்று ஒரு பொய் சொல்வேன். அபராதம் என்று சொன்னால் சிரிக்கிறவர்கள் வாந்தி என்றதும் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படியும் கேட்காதவர்களுக்காக டேஷ்போர்டில் சிவப்பு எழுத்தில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினேன்: ‘தயவுசெய்து சீட் பெல்ட் அணியவும்.’

போன மாதம் முதல் தேதி தளத்தைத் திறந்தபோது புதிதாக ஒன்று இருந்தது. சீட் பெல்ட், 1,000. யார் சொல்லியும் கேட்காத கஸ்டமராக இருக்கும் என்று படத்தைத் திறந்தேன். வண்டியில் கஸ்டமரே இல்லை. வீட்டிலிருந்து பெட்ரோல் பங்க்குக்கு டீசல் போடப் போன ஐந்து நிமிடம் அது. கண்ணாடிக்குப் பின்னால் நான் மட்டும், தோளில் பெல்ட் இல்லாமல். படத்தைப் பெரிதாக்கினால் என் முன்னால் சிவப்பு எழுத்தில் அந்த ஸ்டிக்கரின் முனை தெரிகிறது. மனைவியிடம் காட்டினேன். “புகார் போடறீங்களா?” என்றாள். ஜிபேயைத் திறந்து ஆயிரத்தைக் கட்டினேன்.